நடக்காத கொலையின் குற்றவாளி

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கத்தில் 2002 ஜூன் மாதம் வெளிவந்த 'மைனாரிட்டி ரிப்போர்ட்' அறிவியல் புனைவும் துப்பறியும் மர்மமும் துரத்தலும் ஒன்றாகப் பின்னப்பட்ட படம். கதை 2054இல் வாஷிங்டன் நகரில் நடக்கிறது. அங்கே ஆறு ஆண்டுகளாக ஒரு கொலைகூட நடக்கவில்லை. வரவிருக்கும் கொலைகளை முன்கூட்டியே காணும் மூன்று பேர் ஒரு தொட்டியில் அரைமயக்கத்தில் மிதக்கிறார்கள். அவர்கள் மூளையில் தோன்றுவதைத் திரையில் பார்த்து, கொலையாளி கையை ஓங்கும் முன்பே போய்ப் பிடித்துவிடுகிறது 'ப்ரீகிரைம்' என்ற காவல் பிரிவு. பிடிபட்டவருக்கு விசாரணை கிடையாது, வக்கீல் கிடையாது. தலையில் ஒரு வளையத்தை மாட்டி, உறக்கத்தில் ஆழ்த்தி, குழாய் போன்ற கூட்டுக்குள் நிறுத்திவிடுகிறார்கள். இப்பிரிவை நடத்தும் ஜான் ஆண்டர்டன் (டாம் குரூஸ்) ஒருநாள் அதே திரையில் தன்னையே கொலையாளியாகக் காண்கிறார். கொல்லப்படவிருக்கும் லியோ குரோ என்பவர் யாரென்றே அவருக்குத் தெரியாது. கொலைக்கு இன்னும் 36 மணி நேரம் இருக்கிறது.

துப்பறியும் கதை வழக்கமாகப் பிணத்தில் தொடங்கும். யார், எப்போது, ஏன் என்ற கேள்விகள் அதன் பிறகு வரும். இந்தப் படத்தில் 'யார்' என்பதும் 'எப்போது' என்பதும் முதலிலேயே தெரிந்துவிடுகின்றன. தெரியாதது 'ஏன்' என்பது மட்டுமே. துப்பறிபவரும் குற்றவாளியும் ஒருவரே. பிணம் இன்னும் உயிரோடு எங்கோ நடமாடிக்கொண்டிருக்கிறது. கிரேக்க நாடகத்தில் ஈடிபஸ் கொலையாளியைத் தேடித் தன்னிடமே வந்து சேர்ந்தான். ஆண்டர்டனோ தன்னிடமிருந்து புறப்பட்டுக் காரணத்தைத் தேடிப் போகிறார். அறிவியல் புனைவின் கற்பனை ஒன்று மர்மக்கதையின் எலும்புக்கூட்டையே திருப்பிப்போடுவது அரிது. பெரும்பாலான படங்களில் வருங்காலம் என்பது பழைய கதைக்குப் போர்த்திய புதுத்துணியாகவே நின்றுவிடும். முன்னறியும் மூவருக்கும் ஆகதா, ஆர்தர், டாஷியல் என்று பெயர் வைத்திருப்பதிலும் இந்த உறவு ஒளிந்திருக்கிறது. ஆகதா கிறிஸ்டி, ஆர்தர் கோனன் டாயில், டாஷியல் ஹாம்மெட் என்ற மூன்று துப்பறியும் எழுத்தாளர்களின் பெயர்கள் அவை.

மூலம் பிலிப் கே. டிக் எழுதி 1956இல் வெளிவந்த சிறுகதை. அவருடைய மற்றொரு கதையிலிருந்து பிறந்த 'டோட்டல் ரீகால்' படத்தின் தொடர்ச்சியாகத்தான் இது முதலில் யோசிக்கப்பட்டது. பல கைகள் மாறி, கடைசியில் ஸ்காட் ஃபிராங்க், ஜான் கோஹன் பெயர்களில் திரைக்கதை நிலைபெற்றது. கதையின் ஆண்டர்டன் வழுக்கை விழுந்த, வயதேறிய அதிகாரி. ப்ரீகிரைமை உருவாக்கியவரே அவர்தான். படத்தில் அந்தப் பாத்திரம் இரண்டாகப் பிளந்திருக்கிறது. அமைப்பை நிறுவிய பெரியவர் லாமார் பர்ஜெஸ் (மாக்ஸ் ஃபான் சிடோ) ஒருவர். அதை நம்பி உயிர் வாழும் இளையவர் ஆண்டர்டன் மற்றவர். இந்தப் பிளவால் படம் பெற்றதும் உண்டு, இழந்ததும் உண்டு.

பெற்றதில் முதலாவது ஆண்டர்டனின் துயரம். ஆறு ஆண்டுகளுக்கு முன் பொது நீச்சல் குளம் ஒன்றில் அவருடைய மகன் ஷான் காணாமல் போனான். யார் அதிக நேரம் மூச்சடக்குவது என்று அப்பாவும் பிள்ளையும் போட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா நீருக்கு மேலே தலையைத் தூக்கியபோது பிள்ளை இல்லை. இந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து படம் முழுவதும் நீர் பரவுகிறது. முன்னறிவோர் நீரில் கிடக்கிறார்கள். ஆகதாவின் தாய் ஆன் லைவ்லி ஏரியில் மூழ்கடிக்கப்படுகிறாள். வெப்பத்தைத் தேடி வரும் இயந்திரச் சிலந்திகளிடமிருந்து தப்ப ஆண்டர்டன் பனிக்கட்டி நிரப்பிய தொட்டிக்குள் மூச்சடக்கிக் கிடக்கிறார். பிள்ளையை இழந்த அன்று செய்த அதே செயலை உயிர் பிழைக்க மறுபடி செய்கிறார். இதை எந்தப் பாத்திரமும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பார்ப்பவரின் நினைவில் அது தானாகக் கூடுகிறது. திரைக்கதையின் உயர்ந்த கைத்திறன் இங்கேதான்.

நீரைப் போலவே கண்ணும். தொடக்கக் காட்சியில் மனைவியின் துரோகத்தை அறியப்போகும் ஹோவர்ட் மார்க்ஸ் தன் மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறான். அது இல்லாவிட்டால் அவனுக்குப் பார்வை மங்கல். அவன் பிள்ளை கத்தரிக்கோலால் லிங்கன் முகமூடியில் கண்களை வெட்டியெடுக்கிறான். சற்று நேரத்தில் அதே கத்தரிக்கோல் கொலைக்கருவியாகப் போகிறது. போதைப்பொருள் விற்பவனுக்குக் கண்குழிகளில் கண்களே இல்லை. நகரம் முழுவதும் விழித்திரையைப் படிக்கும் கருவிகள். ரயிலில், கடையில், தெருவில் எல்லாம் மனிதரின் பெயர் அவர் கண்ணில்தான் இருக்கிறது. தப்பிக்க வேண்டுமென்றால் கண்ணையே மாற்றிக்கொள்ள வேண்டும். ஆண்டர்டன் ஓர் அழுக்கறையில் அதைச் செய்துகொள்கிறார். ஆகதா அவரிடம் முதன்முதலாகக் கேட்பதும் பார்க்க முடிகிறதா என்ற கேள்வியைத்தான். காட்சியைக் கண்டவர்கள் எல்லோரும் உண்மையைக் கண்டுவிட்டார்களா என்பதே படம் திரும்பத் திரும்பக் கேட்பது. அந்தக் கேள்வியை வசனத்துக்கு விடாமல் பொருள்களாலும் உடல்களாலும் கேட்பதில்தான் அதன் பலம்.

முதல் பதினைந்து நிமிடங்களைத் தனியாகவே பாடமாக வைக்கலாம். ஆண்டர்டன் பெரிய கண்ணாடித் திரைக்கு முன் நின்று, இசைக்குழுவை நடத்துபவரைப் போல இரு கைகளையும் வீசி, காட்சித் துண்டுகளை நகர்த்துகிறார், நிறுத்துகிறார், பெரிதாக்குகிறார். பின்னணியில் ஷூபர்ட்டின் முற்றுப்பெறாத சிம்பொனி. கொலை நடக்கப்போகும் வீடு எங்கே என்று தெரியாது. இரண்டு துண்டுகளில் ஒரு சிறுவன் நிற்கும் இடம் மாறியிருப்பதைக் கவனித்து, அவன் சுற்றும் குடைராட்டினத்தில் இருக்கிறான் என்று கண்டுபிடித்து, அதைக் கொண்டு இடத்தைப் பிடிக்கிறார். துப்பறிதல் என்பது படத்தொகுப்பு வேலையாக மாறிவிடுகிறது. இது சினிமா தன்னைப் பற்றியே யோசிக்கும் இடமும்கூட. துண்டுகளை ஒட்டுபவர் கதையை உண்டாக்குகிறார். ஒட்டியதில் பிழை இருந்தால் ஒருவர் ஆயுள் முழுவதும் கூட்டுக்குள் நிற்க வேண்டிவரும். நீதிபதி உட்பட இருவர் தொலைதிரையில் சாட்சியாக வந்து சில நொடிகளில் ஒப்புதல் தந்து மறைகிறார்கள். நீதிமன்றம் முழுவதும் அந்தச் சில நொடிகளுக்குள் சுருங்கிவிட்டதைப் படம் அழுத்திச் சொல்லாமல் காட்டுகிறது.

வருங்காலத்தை உருவாக்கிய முறையும் தனித்துச் சொல்லத் தக்கது. 1999இல் கலிபோர்னியாவின் சாந்தா மோனிகாவில் ஒரு விடுதியில் அறிவியலாளர்கள், கட்டடக்கலை அறிஞர்கள், எழுத்தாளர்கள் எனப் பலரை மூன்று நாள் கூட்டிவைத்து, அரை நூற்றாண்டுக்குப் பிறகு மனிதர் எப்படி வாழ்வார்கள் என்று ஸ்பீல்பெர்க் பேசவைத்தார். அதன் முடிவுகளைக் கலை வடிவமைப்பாளர் அலெக்ஸ் மெக்டொவல் நகரமாக மாற்றினார். கையசைவால் இயங்கும் திரையை வடிவமைத்த ஜான் அண்டர்காஃப்ளர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஊடக ஆய்வகத்திலிருந்து வந்தவர். பின்னாளில் அதே முறையை உண்மையாகவே இயங்கும் பொருளாக்கினார். ஆனால் இந்த உலகம் நம்பத்தக்கதாக இருப்பதற்குக் கருவிகளை விட முக்கியமான காரணம், அங்கே பழையதும் மிச்சமிருப்பதுதான். செங்குத்தாக ஓடும் வண்டிகளுக்குக் கீழே பழைய செங்கல் வீடுகளும் ஈரம் கசியும் குடியிருப்புகளும் அப்படியே இருக்கின்றன. ஒளிப்பதிவாளர் யானுஷ் காமின்ஸ்கி படச்சுருளைக் கழுவும்போது வெள்ளியை நீக்கும் படியைத் தவிர்த்தார். அதனால் நிறம் வடிந்து, வெளிச்சம் எரிந்து, நிழல் கறுத்து, நாளைய நகரம் பழைய கறுப்பு வெள்ளைக் குற்றப்படங்களின் சாயலைப் பெற்றது.

விளம்பரம் பற்றிய காட்சிகள் இன்று கூடுதல் கூர்மையோடு தெரிகின்றன. ஆடைக் கடைக்குள் நுழைபவரின் விழித்திரையைப் படித்து, பெயர் சொல்லி வரவேற்று, போன முறை வாங்கிய சட்டை எப்படி இருக்கிறது என்று கேட்கிறது ஒரு திரை. ஆண்டர்டன் அப்போது வேறொருவர் கண்ணோடு நடக்கிறார். திரை அந்த வேறொருவரின் பெயரைச் சொல்கிறது. இதே காட்சிகளில் உண்மையான நிறுவனங்களின் பெயர்ப்பலகைகள் வரிசையாகத் தெரிகின்றன. வணிகக் கண்காணிப்பைச் சாடும் படம் அதே வணிகத்தின் ஆதரவில் நிற்பது ஒரு முரண். அந்த முரணை ஸ்பீல்பெர்க் அறிந்தே செய்திருக்கலாம். ஆனாலும் ஒரு தரமான கார் மேல் கேமரா தங்கும் நேரம் கதைக்குத் தேவையான நேரத்தை விட அதிகம்.

சிலந்திகள் குடியிருப்பைச் சோதிக்கும் காட்சி படத்தின் உச்சங்களில் ஒன்று. கேமரா கூரையே இல்லாததுபோல மேலிருந்து ஒவ்வோர் அறையாக நகர்கிறது. சண்டையிடும் தம்பதி, கழிப்பறையில் இருப்பவர், பயந்து அலறும் பிள்ளைகள். எல்லோரும் செய்துகொண்டிருந்ததை ஒரு நொடி நிறுத்தி, கண்ணைக் காட்டிவிட்டு, மறுபடி தொடர்கிறார்கள். சண்டைக்கார தம்பதியும் சண்டையைத் தொடர்கிறார்கள். எதிர்ப்பு இல்லை, வியப்பும் இல்லை. அரசு வீட்டுக்குள் வருவதற்கு மக்கள் எவ்வளவு பழகிவிட்டார்கள் என்பதை எந்தச் சொற்பொழிவும் இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட முடியாது. படப்பிடிப்பு 2001 ஜூலையிலேயே முடிந்துவிட்டது. அதற்கடுத்த செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில் எழுந்த கண்காணிப்புச் சட்டங்களை முன்வைத்து எடுத்த படம் அல்ல இது. வெளிவந்தபோது அப்படித் தோன்றியது காலம் அதைத் தேடி வந்ததால்தான்.

இனிக் குறைகள். முதலில் விதிகள் பற்றியது. அறிவியல் புனைவு தன் விதியைத் தானே வகுத்துக்கொள்ளலாம். வகுத்த பிறகு மீறக் கூடாது. முன்னறிவோர் கொலையை மட்டுமே காண்பார்கள் என்று படம் சொல்கிறது. ஆனால் வணிக வளாகத்தில் ஆண்டர்டனோடு ஓடும் ஆகதா, குடை எடுத்துக்கொள்ளச் சொல்கிறாள். ஓரிடத்தில் அசையாமல் நிற்கச் சொல்கிறாள். பலூன்காரர் குறுக்கே வந்து நிற்கிறார், பின்னால் வந்த காவலர்களுக்கு இவர்கள் தெரியாமல் போகிறார்கள். பின்னர் ஆண்டர்டனின் மனைவி லாராவின் வீட்டில், காணாமல் போன பிள்ளை உயிரோடு இருந்திருந்தால் எப்படி வளர்ந்திருப்பான், எதைப் படித்திருப்பான், யாரைக் காதலித்திருப்பான் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போகிறாள். இரண்டிலும் கொலை இல்லை. இரண்டாவதில் வருங்காலமே இல்லை. அது ஒருபோதும் வராத காலம். இவ்விரண்டும்தான் படத்தின் மிகச் சிறந்த காட்சிகள் என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும். ஆகதாவாக நடிக்கும் சமந்தா மார்ட்டன் அந்த அறையில் நின்று நடுங்கிக்கொண்டு பேசும்போது, கெட்டதை மட்டுமே பார்க்கும்படி நீரில் கட்டிவைக்கப்பட்டிருந்த ஒருத்தி முதல்முறையாக நல்லதைப் பார்க்கிறாள். பிள்ளையை இழந்த இருவர் அதைக் கேட்கிறார்கள். விதி மீறப்பட்டதைப் பற்றி அந்த நேரத்தில் யாரும் நினைக்க முடியாது. ஆனால் விதியைத் தளர்த்த ஒரே ஒரு வரி முன்னதாக இருந்திருந்தால் காட்சிக்கு எந்த இழப்பும் இல்லை.

மற்ற ஓட்டைகளுக்கு இந்தச் சலுகை தர முடியாது. தேடப்படும் குற்றவாளியான ஆண்டர்டனின் கண், அவர் பணியாற்றிய அலுவலகத்தின் கதவை இன்னும் திறக்கிறது. அவர் சிறைப்பட்ட பிறகும் அவருடைய பழைய கண்ணைக் காட்டி லாரா காவல் கூடத்துக்குள் நுழைகிறாள். கண்ணையே அடையாளமாகக் கொண்ட ஓர் அரசு அந்த ஒரு கண்ணை நீக்க மறந்தது என்பதை ஏற்க முடியாது. இன்னொன்று, ப்ரீகிரைமை நாடு முழுவதும் விரிவாக்க வாக்கெடுப்பு நடக்கவிருக்கிறது. ஒரு நகருக்கு மூன்று பேர் என்றால் நாட்டுக்கு யார்? படம் அதைக் கேட்பதே இல்லை. தொனியும் தடுமாறுகிறது. கண் மாற்றும் காட்சியில் அழுகிய ரொட்டியும் கெட்டுப்போன பாலும் வைத்துச் செய்யும் நகைச்சுவையும், நடைபாதையில் கண்கள் உருண்டோட ஆண்டர்டன் துரத்துவதும் படத்தின் மற்ற இருட்டோடு ஒட்டவில்லை.

லியோ குரோ விஷயம் இன்னும் ஆழமானது. ஷானைக் கடத்தியவன் தான்தான் என்று நடிக்க பர்ஜெஸ் ஏற்பாடு செய்த ஆள் அவன். ஆண்டர்டன் அவனைத் தேடிப் போனதற்கு ஒரே காரணம் அந்த முன்காட்சி. முன்காட்சி தோன்றியதற்குக் காரணம் ஆண்டர்டன் அவனைத் தேடிப் போவது. வட்டம் மூடிக்கொள்கிறது, ஆனால் அதற்குள் நுழையும் வாசல் எங்கே என்று படம் காட்டவில்லை. விதியை அறிந்ததாலேயே விதி நிறைவேறுவது புராண இலக்கியத்தில் வலுவான கரு. இங்கே அது ஒரு மனிதர் போட்ட திட்டமாக வருகிறது. திட்டம் போட்டவர் எதை எதிர்பார்த்துப் போட்டார் என்பது தெரிய வேண்டும்.

டிக்கின் சிறுகதை இந்த இடத்தில்தான் கூர்மையாக இருந்தது. அதில் மூன்று அறிக்கைகளும் ஒன்றோடொன்று மாறுபட்டவை. முதலாவது ஆண்டர்டன் கொல்வார் என்கிறது. அதைப் படித்தால் அவர் கொல்லாமல் விலகுவார் என்பதைக் கணக்கில் எடுக்கிறது இரண்டாவது. பிறகு தெரியவரும் இன்னொரு தகவலால் அவர் கொல்லவே முடிவெடுப்பார் என்கிறது மூன்றாவது. முதலும் மூன்றும் ஒரே முடிவைச் சொல்வதால் பெரும்பான்மை என்று தோன்றுகிறது. உண்மையில் அவை இரண்டு வேறு வருங்காலங்கள். அறிவு வருங்காலத்தை மாற்றுகிறது, மாறிய வருங்காலம் வேறோர் அறிவைத் தருகிறது என்ற இந்தச் சிந்தனையே தலைப்புக்குப் பொருள் தந்தது. படம் தலைப்பை வைத்துக்கொண்டு சிந்தனையைக் கைவிட்டது. படத்தில் சிறுபான்மை அறிக்கை என்பது அழிக்கப்பட்ட ஒரு மாற்றுக் காட்சி. ஆண்டர்டன் தன்னுடையது ஆகதாவிடம் இருக்கும் என்று நம்பி, அவளைக் கடத்திப் பார்க்கிறார். அப்படி ஒன்று இல்லவே இல்லை. அந்த நொடியின் வெறுமை உண்மையில் சிறந்த திருப்பம்தான், ஏனென்றால் அதற்குப் பிறகு அவரைக் காப்பாற்ற எந்த ஆவணமும் இல்லை. துப்பாக்கி கையில் இருக்க, சுடுவதா வேண்டாமா என்று அவரே முடிவெடுக்க வேண்டும். அவர் சுடுவதில்லை. குரோ அந்தத் துப்பாக்கியைப் பிடித்துத் தானே வெடிக்கவைக்கிறான். திரையில் தெரிந்தபடியே எல்லாம் நடந்தது. ஆனால் அது கொலை இல்லை.

படம் அங்கே முடிந்திருந்தால் அல்லது அங்கிருந்து தன் கேள்வியை மேலும் இழுத்திருந்தால், கூட்டுக்குள் நிற்கும் அத்தனை பேரும் பார்ப்பவரின் மனச்சாட்சிக்கு முன் வந்திருப்பார்கள். அவர்களில் எத்தனை பேர் கடைசி நொடியில் கையைத் தாழ்த்தியிருப்பார்கள்? மனைவியையும் அவள் காதலனையும் கண்டு கத்தரிக்கோலை எடுத்த ஹோவர்ட் மார்க்ஸ் குத்தியிருப்பானா, உட்கார்ந்து அழுதிருப்பானா? யாருக்கும் தெரியாது. தமிழ் வாசகருக்கு இந்தக் கேள்வி அந்நியமானதல்ல. தடுப்புக் காவல் என்ற சொல் நாளிதழில் அன்றாடம் வருவது. குண்டர் சட்டம் என்று பேச்சுவழக்கில் அறியப்படும் தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டுச் சட்டம், வழக்கு விசாரணை முடியாமலேயே ஒருவரை 12 மாதம் வரை அடைத்துவைக்க இடம் தருகிறது. அடிப்படை, அவர் இனிச் செய்யக்கூடியது பற்றிய மதிப்பீடு.

படமோ அந்த இடத்தில் மர்மக்கதையின் கையைப் பிடித்துக்கொள்கிறது. ஆன் லைவ்லியைக் கொன்றது யார் என்ற முடிச்சு முன்னே வருகிறது. இந்த முடிச்சும் அழகாகவே போடப்பட்டது. பர்ஜெஸ் ஓர் ஆளை ஏவி அவளைக் கொல்ல முயலவைக்கிறார்; ப்ரீகிரைம் தடுக்கிறது; காவலர்கள் போன பிறகு அதே முறையில் அவரே கொல்கிறார். முன்னறிவோர் கண்டதையே மறுபடி காண்பதுண்டு என்பதால், இரண்டாவது காட்சியை எதிரொலி என்று தொழில்நுட்பர்கள் அழித்துவிடுகிறார்கள். நீரின் அலை எந்தப் பக்கம் போகிறது என்பதில் மட்டும் இரண்டும் வேறுபடுகின்றன. அதைக் காணும், ப்ரீகிரைமைச் சோதிக்க வந்த அரசு அதிகாரி விட்வர் (காலின் ஃபாரல்) குரோவின் அறையிலும் சான்றுகள் அளவுக்கு மீறிப் பரப்பப்பட்டிருப்பதைச் சந்தேகித்தவர். எதிரியாக அறிமுகமாகிப் படத்தின் நேர்மையான துப்பறிபவராக மாறும் அந்தப் பாத்திரத்தைக் கொன்ற பிறகு படம் ஒரு படி இறங்கிவிடுகிறது. பர்ஜெஸ் பிடிபடுவது மிகப் பழைய உத்தியால்: யாரும் சொல்லாத ஒன்றை, அவள் மூழ்கடிக்கப்பட்டாள் என்பதை, வாய்தவறிச் சொல்லிவிடுகிறார். விழித்திரையும் கையசைவும் கொண்ட உலகத்தில் மர்மம் அவிழ்வது ஒரு நாக்குப் பிசகால்.

இதைவிடப் பெரிய குறை, குற்றம் ஒரு மனிதர் தலையில் போய் உட்கார்ந்துவிடுவது. பர்ஜெஸ் கொலைகாரர் என்பதால் அமைப்பு கலைக்கப்படுகிறது. அவர் நல்லவராக இருந்திருந்தால்? அமைப்பு பிழையின்றி இயங்கியிருந்தாலும் அது மூன்று மனிதரை நீரில் கட்டிவைத்தது. அவர்களை மனிதராக நினைக்காமலிருப்பது நல்லது என்று ஊழியர்களுக்குப் பழக்கியது. செய்யாத செயலுக்குத் தண்டனை தந்தது. இவற்றுக்கு வில்லன் தேவையில்லை. நல்லெண்ணம் கொண்டவர்களே போதும். மர்மக்கதை ஒரு குற்றவாளியைக் கேட்கும். இந்த அறிவியல் புனைவு, குற்றவாளி என்ற சொல்லுக்கே பொருள் என்ன என்று கேட்டது. கடைசி அரை மணி நேரத்தில் முதலாவது இரண்டாவதை விழுங்கிவிடுகிறது. கடைசியில் பர்ஜெஸ் சிக்கும் இக்கட்டு, ஆண்டர்டனைச் சுட்டால் அமைப்பு வெல்லும், சுடாவிட்டால் அமைப்பு பொய்யாகும் என்பது, டிக்கின் கதையிலிருந்து பெயர்த்து வைத்ததுதான். அங்கே அமைப்பைக் காக்கவேண்டி ஆண்டர்டனே கொலை செய்து குடும்பத்தோடு வேறொரு கோளுக்கு நாடுகடத்தப்படுகிறார். வாசகர் யாரைக் குற்றம் சொல்வது என்று தெரியாமல் நிற்பார். படத்தின் பர்ஜெஸ் தன்னையே சுட்டுக்கொண்டு அந்தச் சங்கடத்தைத் தீர்த்துவைக்கிறார்.

இந்த முடிவைக் காப்பாற்ற ஒரு வாசிப்பு உண்டு. ஆண்டர்டனுக்கு வளையம் மாட்டியபின் வருவதெல்லாம் அவர் உறக்கத்தில் காணும் கனவு என்பது அது. கூட்டில் நிற்பவர்களுக்கு விரும்பியதெல்லாம் நடப்பதுபோலத் தோன்றும் என்று காவல்கூடக்காரன் கிடியன் அந்த நேரத்தில் சொல்வதும் அதற்குச் சாதகம். அதன்பின் மனைவி வந்து மீட்கிறாள், வில்லன் வீழ்கிறார், குடும்பம் சேர்கிறது, புதுப் பிள்ளை வரவிருக்கிறது. ஆனால் வளையத்துக்கு முன்னும் பின்னும் ஒளியிலோ இசையிலோ நடிப்பிலோ இந்த வாசிப்பைத் தாங்கும் வேறுபாட்டைப் படம் வைக்கவில்லை. ஆண்டர்டன் இல்லாத காட்சிகளும் அப்பகுதியில் இருக்கின்றன. பார்ப்பவர்கள் அன்பினால் படத்துக்குத் தந்த கொடை என்றே இதைக் கொள்ள வேண்டும்.

இந்தக் குறைகளோடும் படம் தேயவில்லை. குற்றம் எங்கே நடக்கும், யார் செய்வார் என்று கணினியிடம் கேட்கும் முறைகளை அமெரிக்கக் காவல்துறைகள் பின்னர் உண்மையாகவே கொண்டுவந்தன. கலிபோர்னியாவின் சாந்தா குரூஸ் நகரம் அவற்றை முதலில் ஏற்றவற்றுள் ஒன்று. 2020இல் தடை செய்ததும் அதே நகரம். சிகாகோ காவல்துறை, துப்பாக்கிச் சூட்டில் ஈடுபடவோ பலியாகவோ கூடியவர்கள் என்று ஆட்களுக்கு மதிப்பெண் போட்டு வைத்திருந்த பட்டியலையும் கைவிட்டது. இவற்றில் எதிலும் பர்ஜெஸ் போன்ற ஒருவர் இல்லை. பழைய கைதுப் பதிவுகளும் கணக்குகளும்தான் இருந்தன. இந்த விவாதங்களில் எல்லாம் இப்படத்தின் பெயர் அடிபட்டது.

கடைசிக் காட்சிக்கு மேலாக ஆண்டர்டனின் குரல் சில செய்திகளைச் சொல்கிறது. ப்ரீகிரைம் கைவிடப்பட்டது, கூட்டிலிருந்தவர்கள் நிபந்தனையின்றி விடுவிக்கப்பட்டார்கள், ஆனாலும் அவர்களில் பலரைப் பல ஆண்டுகள் காவல்துறை கண்காணித்துக்கொண்டிருந்தது. இந்தக் கடைசித் துண்டு ஒரு வாக்கியத்தின் பாதியில் வந்து போய்விடுகிறது. கேமரா அதற்குள் ஊரைவிட்டு வெகுதூரம் போய், நீர் சூழ்ந்த ஒரு குடிலில் குவியல் குவியலான புத்தகங்களுக்கு நடுவே ஆகதாவும், இரட்டையரான ஆர்தரும் டாஷியலும் வாசித்துக்கொண்டிருப்பதைக் காட்டுகிறது. விடுவிக்கப்பட்டவர்களில் ஒருவரின் முகம்கூடத் திரைக்கு வருவதில்லை. ஹோவர்ட் மார்க்ஸ் வீட்டுக்குத் திரும்பினானா, மனைவி கதவைத் திறந்தாளா, கத்தரிக்கோல் வைத்திருந்த பிள்ளை அப்பாவை எப்படிப் பார்த்தான் என்பதெல்லாம் அந்தப் பாதி வாக்கியத்துக்குள்ளேயே கிடக்கின்றன.